அதிகப் புள்ளி எடுத்தும் தோல்வி: வில்வித்தையில் செட் முறை நியாயமா?

நிலாமுற்றம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வில்வித்தையைப் பார்த்ததிலிருந்து என் மகளுக்கு அதில் பைத்தியம். இப்போது 13 வயது, ரிகர்வ் வில் (ஒலிம்பிக்கில் எய்கிற, நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பழகுகிறாள். போன வாரம் ஒரு ஜூனியர் போட்டியில் நாக்-அவுட் சுற்றில் தோற்றுவிட்டாள். தோற்றதைக்கூட ஏற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அழ ஆரம்பித்தாள்.

ஒரு செட்டுக்கு ஆளுக்கு மூன்று அம்பு, செட்டை வென்றால் இரண்டு புள்ளி, முதலில் ஆறு எடுத்தவருக்கு வெற்றி. செட் கணக்கு இது: 27-20, 23-24, 24-25, 22-23. முதல் செட் இவளுக்கு, மற்ற மூன்றும் அந்தப் பெண்ணுக்கு. 6-2 என்று அவள் வென்றுவிட்டாள். மொத்தம் கூட்டினால் என் மகள் 96, அந்தப் பெண் 92. நாலு புள்ளி அதிகம் எடுத்தவள் எப்படித் தோற்பாள் என்று கேட்கிறாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எனக்கும் அது புரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பாரிஸில் ஆண்கள் இறுதிப் போட்டியில் கொரியாவின் கிம் வூ-ஜின், அமெரிக்காவின் பிராடி எலிசன் இருவருமே கடைசி அம்பில் 10 எடுத்தார்கள். 4.9 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தங்கம் ஒருவருக்கு, வெள்ளி இன்னொருவருக்கு. அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு உண்மையில் அர்த்தம் இருக்கிறதா? அப்புறம், முதல் நாள் 72 அம்பு எய்கிறார்களே, அந்தப் புள்ளி நாக்-அவுட்டில் கணக்கில் வருவதே இல்லை என்றால் அதை எதற்கு எய்ய வேண்டும்?

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளுக்கும் படித்துக் காட்டப் போகிறேன்.


பச்சைக்கொடி:

தனிநபர் போட்டிக்கு ஒலிம்பிக்கில் செட் முறை வந்தது 2012 லண்டனில். அணிப் போட்டிக்கு 2016 ரியோவில். அதற்கு முன்னால் மொத்தப் புள்ளிதான், 2008 பெய்ஜிங்கில் ஆளுக்கு 12 அம்பு எய்து கூட்டிப் பார்த்தார்கள். பார்க்கிறவர்களுக்கு விறுவிறுப்பு வேண்டும் என்பதற்காகத்தான் மாற்றினார்கள் என்பது என் எண்ணம். கடைசி மூன்று அம்புக்கு முன்னாலேயே யார் வெல்வார் என்று தெரிந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்?

டென்னிஸிலும் இதே கதைதான். 2019 விம்பிள்டன் இறுதியில் பெடரர் எடுத்த புள்ளி 218, ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.


ஏழாம்வளையம்:

நிலாமுற்றம், நான் ரிகர்வ் எய்தவள். தோள்பட்டை ஒத்துழைக்காமல் போன பிறகு நடுவர் தேர்வு எழுதி, இப்போது உள்ளூர்ப் போட்டிகளில் இலக்குப் பலகை பக்கம் நிற்கிறேன். உங்கள் மகளுடைய கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 27-20 செட்டைப் பாருங்கள். எதிரில் நின்ற பெண் அந்த செட்டில் ஏதோ ஒரு அம்பை மோசமாக விட்டிருக்கிறாள். 9, 8, 3 என்று போயிருக்கலாம். காற்று அடித்திருக்கலாம், நாணை விடும்போது விரல் சிக்கியிருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். மொத்தப் புள்ளி முறையாக இருந்தால் அந்த ஒரே அம்போடு அவள் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். நான் போட்டியிட்ட காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு அம்பு 5-இல் போய்க் குத்தினால் மீதி அம்புகள் அத்தனையிலும் அந்த 5 கூடவே வரும். ஒவ்வொரு முறை நாணை இழுக்கும்போதும், இதை 10 எடுத்தால்கூட ஈடுகட்ட முடியாதே என்று மனசு கணக்குப் போடும். கணக்குப் போடுகிற மனசோடு நல்ல அம்பு விட முடியாது.

செட் முறை அந்த அம்பை அந்த செட்டோடு முடித்துவிடுகிறது. 27-20 என்று தோற்றாலும் 27-26 என்று தோற்றாலும் எதிராளிக்குப் போவது இரண்டே புள்ளி. அடுத்த செட் பூஜ்யத்திலிருந்து. உங்கள் மகளோடு மோதிய பெண் முதல் செட்டைக் கோட்டைவிட்டும் கலங்காமல், அடுத்த மூன்று செட்டையும் ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்தில் எடுத்திருக்கிறாள். அது அதிர்ஷ்டத்தில் நடக்கிற காரியம் இல்லை. உங்கள் மகள் 27 எடுத்ததும் நிஜம், அந்தப் பெண் மூன்று முறை நெருக்கத்தில் ஜெயித்ததும் நிஜம். போட்டி கேட்டது இரண்டாவதை.

பாரிஸில் சாட் நாட்டு வீரர் இஸ்ரயேல் மடாயே கிம் வூ-ஜினோடு மோதினார். அதில் அவருடைய ஒரு அம்பு 1 புள்ளியில் போய்க் குத்தியது. இலக்கின் வெளிப்புற வெள்ளை வளையம் அது. அவர் 6-0 என்று தோற்றார், சரி. நான் பார்த்தது வேறு. அந்த 1-க்குப் பிறகும் அவர் நிமிர்ந்து நின்று அதே வேகத்தில், அதே ஒழுங்கில் அடுத்த அம்பை எடுத்தார். என் மாணவர்கள் எல்லோருக்கும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அடுத்து 4.9 மில்லிமீட்டர். அந்த இறுதிப் போட்டி 2024 ஆகஸ்ட் 4 அன்று, இன்வாலிட் மாளிகைக்கு எதிரே உள்ள திடலில் நடந்தது. ஐந்தாவது செட்டில் இருவரும் 30-30. அதாவது ஆளுக்கு மூன்று அம்பு, ஆறுமே 10. ஒலிம்பிக் தங்கத்துக்கான கடைசி செட்டில் அப்படி எய்வதை நினைத்தாலே எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. செட் சமமானால் ஆளுக்கு ஒரு புள்ளி. 5-5 ஆனதால் ஷூட்-ஆஃப், ஆளுக்கு ஒரே அம்பு. இரண்டும் 10. அப்போது மையத்திலிருந்து அளந்தார்கள். கிம்முடைய அம்பு 55.8 மில்லிமீட்டர், எலிசனுடையது 60.7.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 70 மீட்டர் போட்டியின் இலக்குத் தாள் 122 சென்டிமீட்டர் விட்டம். 10 வளையம் 12.2 சென்டிமீட்டர், அதாவது மையத்திலிருந்து 61 மில்லிமீட்டர். அதற்குள்ளே எக்ஸ் என்று இன்னொரு சின்ன வளையம் உண்டு, அது மையத்திலிருந்து 30.5 மில்லிமீட்டர். ஆக இருவருடைய அம்புமே எக்ஸுக்கு வெளியே, 10-இன் ஓரத்தில்தான் போய் நின்றன. சற்று முன்பு மூன்று மூன்று 10 எய்தவர்கள்தான். ஒரே அம்பு என்றதும் அவர்கள் கைகளுக்கும் அது வேறு அம்பாகிவிட்டது.

அந்த 4.9-க்கு அர்த்தம் உண்டா என்று கேட்டீர்கள். இரண்டு பேரில் யார் பெரிய வில்லாளி என்பதை அது சொல்லாது. 70 மீட்டரில் அவ்வளவு துல்லியமாக உள்ளே வெளியே என்று எய்ய எந்த மனிதராலும் முடியாது. அந்த ஒரு அம்பில் யார் நெருக்கம் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஒரு ஆட்டம் எங்காவது முடிந்தாக வேண்டும், அதற்கான வழி அது. இரண்டு பேரும் இன்னொரு அம்பு எய்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பதை நானும் மறுக்க மாட்டேன்.

72 அம்பு விஷயம். அதுதான் தரவரிசைச் சுற்று, அதிகபட்சம் 720. 64 பேரை 1 முதல் 64 வரை அடுக்கி, முதலாமவரை 64-ஆமவரோடு, இரண்டாமவரை 63-ஆமவரோடு மோதவிடுவார்கள். அணிகளின் வரிசையும் அதிலிருந்துதான் வரும். ஆணும் பெண்ணும் சேர்ந்து எய்யும் மிக்ஸட் அணிக்கு யார் என்பதையும் பல நாடுகள் அதை வைத்தே முடிவு செய்கின்றன. அதனால் அது வீண் இல்லை. ஆனால் அது ஒரு பாதுகாப்பும் இல்லை. ரியோவில் இதே கிம் வூ-ஜின் 700 எடுத்து உலக சாதனை படைத்தார். நாக்-அவுட்டில் இரண்டாவது ஆட்டத்திலேயே இந்தோனேசிய வீரர் ரியாவ் எகா அகதாவிடம் தோற்று வெளியேறினார். அந்த ஆண்டு அணித் தங்கம் கிடைத்தாலும் தனிநபர் தங்கத்துக்கு அவர் பாரிஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் மகள் அழுதாள் என்றால் நல்ல துணையோடுதான் அழுதிருக்கிறாள்.


கணக்குப்பிள்ளை:

ஏழாம்வளையம் எழுதியதை மதிக்கிறேன், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. மொத்தப் புள்ளி முறையில் விறுவிறுப்பு இல்லை என்பது தவறு. 2012 லண்டனில் அணிப் போட்டி மொத்தப் புள்ளியில்தான் நடந்தது, லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில். ஆண்கள் இறுதியில் இத்தாலியின் கடைசி அம்பு மிக்கேலே ஃப்ராஞ்ஜில்லி கையில். 10 எடுத்தால் தங்கம். எடுத்தார். இத்தாலி 219, அமெரிக்கா 218. இதைவிட என்ன விறுவிறுப்பு வேண்டும்?

இன்னொன்று. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு இன்றும் மொத்தப் புள்ளிதானே? 15 அம்பு, 150 புள்ளி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஓஜஸ் தேவ்தலே அபிஷேக் வர்மாவை 149-147 என்று வென்றார். ஜோதி சுரேகா 149-145 என்று தென் கொரியாவின் சோ சே-வோனை வென்றார். யாரும் குறை சொல்லவில்லை. நன்றாக எய்தவருக்குத் தங்கம், அவ்வளவுதான். 96 எடுத்த குழந்தையை 92 எடுத்த குழந்தையிடம் தோற்றாய் என்று சொல்ல எனக்கு மனசு வராது.


ஏழாம்வளையம்:

கணக்குப்பிள்ளை, லண்டன் இறுதியைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அந்த அம்பு கிளம்பியபோது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது கடைசி அம்பு வரை நெருக்கமாக அமைந்த ஆட்டம். மொத்தப் புள்ளியில் எல்லா ஆட்டமும் அப்படி அமையாது. பாதி ஆட்டத்திலேயே ஆறேழு புள்ளி பின்தங்கியவர் மீதி நேரம் சும்மா சடங்குக்கு எய்துகொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காம்பவுண்ட் கதை வேறு. அந்த வில்லில் கப்பி இருக்கிறது. முழுதாக இழுத்த பிறகு கையில் நிற்கும் எடை வெகுவாகக் குறைந்துவிடும். குறி பார்க்க உருப்பெருக்கும் லென்ஸ் உண்டு, நாணை விடுவது விரலால் அல்ல, ஒரு விசையால். தூரமும் 50 மீட்டர்தான். மேல்மட்டத்தில் அவர்கள் எய்வதெல்லாம் 10, எப்போதாவது ஒரு 9. அங்கே செட் வைத்தால் 30-30, 30-30 என்று சமநிலையிலேயே போய்க்கொண்டிருக்கும். அதனால் அவர்களுக்கு மொத்தப் புள்ளி பொருந்துகிறது.

ரிகர்வில் முழு எடையையும் மூன்று விரலில் தாங்கி நிற்க வேண்டும். குறிமுள்ளில் லென்ஸ் கிடையாது. 70 மீட்டரைக் கடக்க அம்புக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகும், அந்த நேரத்தில் காற்று அதை என்ன வேண்டுமானாலும் செய்யும். பாரிஸில் இருபுறமும் பார்வையாளர் மேடை இருந்தது. அப்படிப்பட்ட களத்தில் இலக்குக்கு மேல் இருக்கும் கொடி ஒரு பக்கம் ஆடும், எய்பவர் பக்கத்தில் காற்று வேறு பக்கம் தள்ளும். மையத்தை விட்டுத் தள்ளிக் குறிவைத்து, காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பி விட வேண்டும். நம்பி விட்டபோது காற்று நின்றுவிட்டால் அம்பு சிவப்பில், அதாவது 7, 8 வளையத்தில் போய்க் குத்தும். அந்த ஒரு நொடிக்காக ஆட்டம் முழுவதையும் பறிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. என் நிலைப்பாடு இதுதான்.


சிறகுமுனை:

அக்கா, ஒரு சந்தேகம். பாரிஸ் பெண்கள் அணி இறுதியில் கொரியா-சீனா ஷூட்-ஆஃபில் கொரியாவின் அம்புகள் 9-ஆ 10-ஆ என்று நடுவர் போய்ப் பார்த்துவிட்டு 10 என்றார். அதை வைத்துத்தான் 29-27. தொலைக்காட்சியில் பார்த்தால் கோட்டுக்கு வெளியே இருந்தது போலத் தெரிந்தது. இதில் நடுவர் என்னதான் பார்க்கிறார்?


ஏழாம்வளையம்:

நல்ல கேள்வி, இது என் வேலை. அம்பின் தண்டு கோட்டைத் தொட்டாலே போதும், உயர்ந்த புள்ளி கிடைக்கும். உள்ளே முழுதாகப் போக வேண்டியதில்லை. தண்டுக்கும் கோட்டுக்கும் நடுவே குறைந்த புள்ளி வளையத்தின் நிறம் இம்மியளவாவது தெரிகிறதா என்பதுதான் நான் தேடுவது. தெரிந்தால் குறைந்த புள்ளி.

எங்கள் போட்டிகளில் கோட்டு அம்பு என்று கூப்பிட்டால் பூதக்கண்ணாடியோடு போவேன். நான் பார்த்து முடிக்கும் வரை யாரும் அம்பையோ தாளையோ தொடக் கூடாது. ஒரு விரல் பட்டால்கூட அம்பு அசைந்துவிடும். இடப்பக்கமிருந்து ஒருமுறை, வலப்பக்கமிருந்து ஒருமுறை பார்ப்பேன், ஏனென்றால் அம்பு நேராகக் குத்தாமல் சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்திலிருந்து தொட்டது போலவும் இன்னொரு பக்கத்திலிருந்து தொடாதது போலவும் தெரியும். அதனால்தான் கேமராவை நம்ப முடியாது, அது ஒரே கோணத்தில் நிற்கிறது. பார்த்துவிட்டு எண்ணைச் சொன்ன பிறகு அதில் மாற்றம் இல்லை. எந்த அம்பு யாருடையது என்பதைக் கவனிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். தெரிந்தால் மனசு சாயும்.

அந்தத் தங்கம் கொரியப் பெண்கள் அணிக்குத் தொடர்ந்து பத்தாவது. 1988 சியோலில் அணிப் போட்டி தொடங்கியதிலிருந்து வேறு எந்த நாடும் அதை வென்றதில்லை. அப்படிப்பட்ட ஒன்று கடைசியில் ஒரு கோட்டில் வந்து நின்றது. அந்த நடுவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன், கை நடுங்கியது.


நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஏழாம்வளையம் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறாள், பாதியில் கணக்குப்பிள்ளை கட்சி.

இப்போது அவள் கேட்கச் சொன்னது: ஒரு அம்புக்கு உள்ள 20 விநாடி கடிகாரம் ஓட ஆரம்பித்தாலே அவசரம் வந்துவிடுகிறதாம். அந்த மூன்று செட்டிலும் கடைசி அம்பில்தான் கோட்டைவிட்டிருக்கிறாள். இதற்குப் பயிற்சி உண்டா? கொரியர்கள் என்ன செய்கிறார்கள்?


ஏழாம்வளையம்:

கொரியர்கள் செய்வதில் முதல் விஷயம் தேர்வு. பழைய தங்கத்துக்கு அங்கே சலுகை இல்லை. டோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற ஆன் சான் பாரிஸ் அணியில் இடம்பிடிக்கவில்லை. பாரிஸ் போன பெண்கள் மூவருக்குமே அதுதான் முதல் ஒலிம்பிக். அவர்களில் ஒருவரான லிம் சி-ஹியோன் தரவரிசைச் சுற்றில் 694 எடுத்து உலக சாதனையே படைத்துவிட்டார். அந்தத் தேர்வில் தேறி வருவதற்குள் ஆயிரக்கணக்கான அம்புகளை நெருக்கடியில் எய்திருப்பார்கள். பாரிஸுக்கு முன்னால் ஜின்சியோனில் உள்ள தேசியப் பயிற்சி மையத்தில் இன்வாலிட் களத்தைப் போலவே ஒன்றைக் கட்டி அதில் பழகினார்கள். போட்டியன்று கண்ணில் படுவது எதுவும் புதிதாக இருக்கக் கூடாது என்பதற்காக.

உங்கள் மகளுக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்றாவது அம்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிளிக்கர் (அம்பை முழுதாக இழுத்ததும் சொடுக்கும் சிறு தகடு) சத்தம் வருவதற்கு முன்பே விட்டுவிடுவார்கள், அல்லது சத்தம் வர வேண்டும் என்று தோளை இடித்துத் தள்ளுவார்கள். கடிகாரத்தில் பத்து விநாடி மிச்சம் இருக்கும்போது இழுத்தது சரியில்லை என்று தோன்றினால், அம்பை விடாமல் நாணைத் தளர்த்திவிட்டு மறுபடி இழுக்க நேரம் உண்டு. அவளுக்கு அது தெரிந்திருக்கும், ஆனால் போட்டியில் செய்யத் துணிச்சல் வராது. பயிற்சியில் வேண்டுமென்றே செய்ய வைக்க வேண்டும்: இழு, தளர்த்து, மூச்சு விடு, மறுபடி இழு, நேரத்துக்குள் விடு. கடிகாரம் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இன்னொன்று, செட் புள்ளியில் பின்தங்கியவர்தான் அடுத்த செட்டை முதலில் தொடங்குவார். முதலில் எய்பவருக்கு எதிராளியின் அம்பு தெரியாது, பின்னால் எய்பவருக்கு என்ன தேவை என்று தெரியும். இரண்டும் வேறு வேறு நெருக்கடி. இரண்டு விதமாகவும் பழக வேண்டும். ஷூட்-ஆஃபையும் விடாதீர்கள். பயிற்சி முடியும்போது உடம்பு களைத்திருக்கும், அப்போது ஒரே அம்பு, 20 விநாடி, யாராவது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மையத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் அந்த எண்கள் தாறுமாறாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.


கணக்குப்பிள்ளை:

அவள் என் கட்சி என்பதில் மகிழ்ச்சி. அந்த அளவுகளை எழுதி வைக்கும்போது சராசரியையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தூரத்தோடு திசையையும் குறிக்கட்டும், இடமா வலமா மேலா கீழா என்று. எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்தால் சைட்டை (வில்லில் குறி பார்க்கும் கருவியை) திருப்பினால் போதும். சிதறினால்தான் கையையும் மூச்சையும் பார்க்க வேண்டும்.


ஏழாம்வளையம்:

ஆமாம், திசையை எழுதுவது மிக முக்கியம். நான் விட்டுவிட்டேன். அதோடு அன்றைய காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்றும் ஒரு வார்த்தை எழுதிக்கொள்ளட்டும்.